மழையூரும் மணலூரும்

பூகோள வகுப்பில் நாம் வருஷந்தோறும் கேட்கும் கேள்விகள் இரண்டு உண்டு. "நம் தேசத்தில் மழைக்குப் பேர்போன ஊர் எது?" என்போம். கேள்வி முடிவதற்குள் "சிரபுஞ்சி!" என்று வகுப்பு முழுவதும் கூவும். "மழையே காணாத பிரதேசம்?" என்றால், "ராஜஸ்தான் பாலைவனம்!" என்று அடுத்த கூச்சல் எழும். பிறகு மெதுவாக மூன்றாவது கேள்வியைப் போடுவோம்: "தை மாதத்தில் சிரபுஞ்சிப் பெண்கள் குடிதண்ணீருக்கு என்ன செய்கிறார்கள்?"

"வாசலில் குடத்தை வைத்தால் போதாதா, ஸார்?" என்று பிள்ளைகள் சிரிப்பார்கள். போதாது என்பதுதான் விசித்திரம். அந்த விசித்திரத்தை அறிய வேண்டுமானால், பாரத பூமியின் இரு கோடிகளையும் ஒருங்கே பார்க்க வேண்டும்.

ஒரே ரேகை, இரண்டு உலகம்

தேசப் படத்தை விரித்துப் பாருங்கள். சிரபுஞ்சி வட அட்சரேகை 25 டிகிரியைச் சற்றே தாண்டி இருக்கிறது. ஜெய்ஸல்மீர் 27 டிகிரிக்குச் சற்றே தெற்கில் இருக்கிறது. சூரிய பகவான் இருவருக்கும் ஏறக்குறைய ஒரே அளவில்தான் படியளக்க வேண்டும். நடுவே சுமார் 2,000 கிலோமீட்டர் தூரம். சிரபுஞ்சியில் பொழுது விடிந்து ஏறத்தாழ 80 நிமிஷம் சென்ற பிறகே ஜெய்ஸல்மீரில் விடிகிறது. ஆனாலும் இரண்டு ஊர்க் கடிகாரங்களும் ஒரே மணியைத்தான் காட்டும். ஒரே தேசமல்லவா?

ஒற்றுமை இவ்வளவோடு சரி. ஜெய்ஸல்மீரில் ஒரு வருஷத்தில் பெய்யும் மழை சராசரி 6 முதல் 8 அங்குலம். சிரபுஞ்சியிலோ 450 அங்குலத்துக்கு மேல்! பக்கத்திலுள்ள மௌஸின்ராம் என்னும் சிற்றூர் சராசரியில் அதையும் விஞ்சுகிறது. 1860 ஆகஸ்டு முதல் 1861 ஜூலை வரை பன்னிரண்டு மாதத்தில் சிரபுஞ்சியில் பெய்தது 1,042 அங்குலம். அந்த உலக ரிகார்டை இன்றுவரை எந்த ஊரும் முறியடிக்கவில்லை. 1995 ஜூன் 16-ஆம் தேதி ஒரே நாளில் 61 அங்குலம் கொட்டியது. ஜெய்ஸல்மீர் எட்டு வருஷம் காத்திருந்து பெறும் மழையை அந்த ஊர் ஒரு பகலும் ஓர் இரவுமாகப் பெற்றுவிட்டது.

காற்றின் ஓரவஞ்சனை

இதற்கெல்லாம் காரணம் மலையும் காற்றும் செய்துகொண்ட ஏற்பாடுதான். சிரபுஞ்சிக்குத் தெற்கே பங்களாதேசத்தின் சில்ஹெட் சமவெளி பரந்து கிடக்கிறது. அதன் விளிம்பிலிருந்து காசி மலை, கோட்டைச் சுவர் போல 4,000 அடிக்கு மேல் திடீரென்று எழும்புகிறது. வங்காள விரிகுடாவில் ஈரம் குடித்துவரும் பருவக்காற்று, குறுகிய பள்ளத்தாக்குகளில் புகுந்து, செல்ல வழியின்றி மேலே ஏறுகிறது. ஏற ஏறக் குளிர்கிறது. குளிரக் குளிரச் சுமையை அங்கேயே இறக்கி வைக்கிறது.

ஜெய்ஸல்மீரின் நிலை வேறு. அரபிக் கடலிலிருந்து புறப்படும் காற்று ஆரவல்லி மலைத்தொடருக்கு இணையாகவே ஓடிவிடுகிறது. தடுத்து மேலேற்ற மலை இல்லை. வங்கக் கடல் காற்றோ, கங்கைச் சமவெளி நெடுகத் தானம் செய்துவிட்டு வெறுங்கையோடு வந்து சேருகிறது. போதாததற்கு, மேலடுக்குக் காற்று கீழ்நோக்கி இறங்குவதால் மேகம் வளரவும் இடமில்லை. அந்தப் பாலைவனத்தைச் சேர்ந்த பலோடி என்னும் ஊரில் 2016 மே 19-ஆம் தேதி வெப்பம் 51 டிகிரி செல்ஸியஸைத் தொட்டது.

மழையூரின் தாகம்

காசி மலை ஜனங்கள் மழையோடு வாழக் கற்றவர்கள். மூங்கிலாலும் இலையாலும் ஆமை ஓட்டைப் போல் முடைந்த 'க்னுப்' என்னும் கவசத்தை முதுகில் மாட்டிக்கொண்டு, இரு கைகளாலும் வயலில் வேலை செய்கிறார்கள். மரப்பாலங்கள் அந்த ஈரத்தில் உளுத்துப் போகும் என்பதால், ஆல இனத்து மரமொன்றின் விழுதுகளை ஓடைக்குக் குறுக்கே பழக்கி, உயிருள்ள பாலமாகவே வளர்க்கிறார்கள். ஒரு பாலம் பாரம் தாங்க ஒரு தலைமுறை ஆகலாம். நட்டவன் நடப்பதற்கன்று, பேரன் நடப்பதற்கு!

இப்படிப்பட்டவர்களுக்குக் கார்த்திகை முதல் மாசி வரை தண்ணீர்ப் பஞ்சம். அந்த மாதங்களில் மழை அநேகமாக இல்லை. பெய்த மழையோ செங்குத்தான சரிவிலும் சுண்ணாம்புப் பாறைப் பிளவுகளிலும் ஓடி, பங்களாதேசத்துச் சமவெளிக்குப் போய்விட்டது. மண்ணைப் பிடித்து நிறுத்தியிருந்த காடுகள் பல இடங்களில் வெட்டுண்டு போயின. நிலக்கரிக்கும் சுண்ணாம்புக்கும் மலை தோண்டப்பட்டது. மண் கரைந்த பூமியில் நீர் எங்கே தங்கும்? பெண்கள் ஊற்றைத் தேடி மலைச் சரிவில் இறங்கி ஏறுகிறார்கள். மௌப்லாங்கில் உள்ளதைப் போன்ற தெய்வக் காடுகள் மட்டும், ஓர் இலையைக்கூட வெளியே கொண்டுபோகலாகாது என்ற கட்டுப்பாட்டினால் இன்றும் பசுமையாக நிற்கின்றன.

மணலூரின் சிக்கனம்

இனி மேற்கே திரும்புவோம். ஜெய்ஸல்மீர்க் கோட்டைக்கு அருகில் கடீஸர் என்னும் ஏரி இருக்கிறது. பதினான்காம் நூற்றாண்டில் மகாராவல் கடஸி சிங் திருத்தி அமைத்த இந்த ஏரியின் நீரையே ஊரார் பல நூற்றாண்டுகள் பருகினார்கள். ஊர்ப்புறத்தில் பாலிவால் பிராமணர்கள் 'கடீன்' என்னும் முறையைக் கையாண்டார்கள். சரிவான நிலத்தின் தாழ்ந்த பக்கம் நீண்ட மண்கரை எழுப்பி, அரிதாய் வரும் வெள்ளத்தை வயலிலேயே நிறுத்துவார்கள். நீர் வற்றியதும், எஞ்சிய ஈரத்திலேயே கோதுமையும் கடலையும் விளையும்.

எல்லாவற்றிலும் அதிசயமானது 'குயீன்' என்னும் சிறு கிணறு. அங்கே ஆழத்து நீர் உப்பு. ஆனால் சில இடங்களில் மணலுக்கடியில் ஜிப்ஸம் படிவம் ஒன்று தட்டுப் போல் ஓடுகிறது. மழையீரம் உப்பு நீரோடு கலவாமல் அதன்மேல் தங்கிவிடுகிறது. அந்தத் தட்டு வரையில் மட்டும் குறுகலாகத் தோண்டி வாயை மூடி வைப்பார்கள். நாளொன்றுக்குச் சில குடங்களே ஊறும். ஆனால் நல்ல நீர் ஊறும். இந்த வித்தைகளை ஊர் ஊராகச் சென்று கேட்டு ஹிந்தியில் நூல்களாக எழுதி வைத்தவர், 2016-இல் காலமான காந்தீயவாதி அனுபம் மிஸ்ரா.

பாலைவனத்திலும் பிழை நேராமலில்லை. 2006 ஆகஸ்டில் பார்மேர் மாவட்டத்தில் பெருமழை பெய்து கவாஸ் கிராமம் மூழ்கியது. குயீனுக்கு உயிர் கொடுக்கும் அதே ஜிப்ஸம் அங்கே வெள்ளத்தை இறங்கவிடாமல் மாதக்கணக்கில் தேக்கியது. 1958-இல் தொடங்கப்பட்ட பெரிய கால்வாய் மணலில் பசுமையைக் கொணர்ந்தது. சில இடங்களில் நீர் தேங்கி நிலம் உவர்ப்பாகவும் ஆயிற்று. பூமியின் குணமறியாமல் கொடுத்தால் தண்ணீரும் விஷமாகும்.

நாம் எந்த ஊர்?

சென்னையில் வருஷ மழை சராசரி 50 அங்குலத்துக்கு மேல். ஜெய்ஸல்மீரைப்போல் ஆறு மடங்குக்குக் குறையாது. 2015 டிசம்பரில் அந்த நகரம் வெள்ளத்தில் தவித்தது. 2019 ஜூனில் ஏரிகள் வறண்டு, குடங்கள் லாரிக்கு முன் வரிசை நின்றன. மழைநீர் சேமிப்பைக் கட்டாயமாக்கிய சட்டமோ 2003-லேயே வந்துவிட்டது! ஆகவே அளவைக் கொண்டு நாம் சிரபுஞ்சியும் அல்ல, ஜெய்ஸல்மீரும் அல்ல. நடத்தையைக் கொண்டு பார்த்தால் எந்த ஊரை ஒத்திருக்கிறோம் என்பதை வாசகர்களே சொல்லட்டும்.

மழையைத் தருவது வானத்தின் வேலை. அதை ஊராக்குவது மனிதன் வேலை. அடுத்த மழைக்கு முன், வீட்டுக் குழந்தைகளை அழைத்துக்கொண்டு மாடிக்குச் சென்று, மழைநீர்க் குழாய் எங்கே போய் முடிகிறது என்று ஒரு முறை பாருங்கள். தெருச் சாக்கடையில் முடிந்தால், பூகோளப் பாடத்தை அங்கிருந்தே தொடங்கலாம்.