மூடுபனியில் மிதிவண்டிப் பயணம்

இந்தியாவின் உழைக்கும் மக்களில் கணிசமான பகுதியினர் பணியிடம் செல்ல இன்றும் மிதிவண்டியையே நம்பியிருக்கின்றனர். பயிர்த்தொழில், விவசாயக் கூலி, வீட்டுத் தொழில் ஆகியவற்றில் சேராத தொழிலாளர்கள் வேலைக்கு எவ்வாறு செல்கின்றனர் என்ற விவரம் 2011ஆம் ஆண்டு மக்கள் தொகைக் கணக்கெடுப்பின்போது திரட்டப்பட்டது. அவ்வாறான சுமார் 20 கோடிப் பேரில் ஏறத்தாழ 2.6 கோடிப் பேர், அதாவது நூற்றுக்கு 13 பேர், மிதிவண்டியில் சென்று வந்தனர். நாட்டுக் குடும்பங்களில் நூற்றுக்கு 45 குடும்பங்களிடம் அப்போது மிதிவண்டி இருந்தது.

மிதிவண்டிக்கு எரிபொருள் வேண்டியதில்லை, பயணச்சீட்டும் வேண்டியதில்லை. எனவே இப்பயணத்திற்குச் செலவே இல்லை என்று பொதுவாகக் கருதப்படுகிறது. ஆனால் இப்பயணத்திற்கான ஆற்றலைத் தருவது தொழிலாளியின் உடல். அந்த உடலைக் காப்பதற்கும் ஒரு செலவு உண்டு. வட இந்தியச் சமவெளியில் ஆண்டுதோறும் டிசம்பர் இறுதி முதல் பிப்ரவரி நடுப்பகுதி வரை இந்தச் செலவு வெளிப்படையாகத் தெரிகிறது.

சமவெளியின் குளிர்

மார்கழிப் பனியை மட்டுமே அறிந்த தென்னாட்டவருக்கு இக்குளிரின் தன்மையைச் சற்று விளக்க வேண்டும். டில்லியில் ஜனவரி மாதத்தில் சராசரிக் குறைந்தபட்ச வெப்பநிலை சுமார் 7 டிகிரி செல்சியஸ். சமவெளியில் இது 4 டிகிரி அல்லது அதற்குக் கீழே இறங்கினால் இந்திய வானிலை ஆய்வுத் துறை அதனைக் 'குளிர் அலை' என்றும், 2 டிகிரி அல்லது அதற்குக் கீழே இறங்கினால் 'கடுங்குளிர் அலை' என்றும் அறிவிக்கிறது. பகலிலும் சூடு ஏறாத நாட்கள் உண்டு. 2019 டிசம்பர் 30ஆம் நாள் டில்லியில் பதிவான அதிகபட்ச வெப்பநிலையே 9.4 டிகிரிதான்.

இதனுடன் மூடுபனியும் சேர்ந்துகொள்கிறது. மேற்கிலிருந்து வரும் காற்றழுத்தச் சலனங்கள் கொணரும் ஈரமும், பாசன வயல்களின் ஈரமும், காற்றோட்டமற்ற நீண்ட இரவும் கூடி, பஞ்சாப் முதல் பீகார் வரை தரையை ஒட்டி ஒரு வெண்திரையை விரித்துவிடுகின்றன. 200 மீட்டருக்கு அப்பால் பார்வை எட்டாத பனி அடர்ந்த மூடுபனி எனப்படும். 50 மீட்டர்கூட எட்டாவிட்டால் அது மிக அடர்ந்த மூடுபனி.

சூரிய உதயத்தையும் கணக்கில் கொள்ள வேண்டும். நாடு முழுவதற்கும் கடிகாரம் ஒன்றே. ஆனால் ஜனவரி நடுப்பகுதியில் லூதியானாவில் சூரியன் உதிக்கும்போது மணி ஏறக்குறைய ஏழரை ஆகிவிடுகிறது. காலை 8 மணிக்கு ஆலை வாயிலில் நிற்க வேண்டிய தொழிலாளி எட்டுக் கிலோமீட்டர் தொலைவில் குடியிருந்தால், விடியுமுன்னரே அவர் மிதிவண்டியில் ஏறியாக வேண்டும். பால்காரரும் செய்தித்தாள் போடுபவரும் அதற்கும் வெகு முன்னதாகவே சாலைக்கு வந்துவிடுகின்றனர்.

பகை குளிரன்று, காற்று

மிதிவண்டியில் செல்பவர் தம் வேகத்தாலேயே ஓர் எதிர்காற்றை உண்டாக்கிக்கொள்கிறார். காற்று அசையாத விடியலிலும், மணிக்கு 15 கிலோமீட்டர் வேகத்தில் செல்பவரின் முகத்தில் மணிக்கு 15 கிலோமீட்டர் வேகக் காற்று வீசுகிறது. வெப்பநிலை 5 டிகிரியாக இருந்தால், அக்காற்றில் திறந்த தோல் உணரும் குளிர் சுமார் 2 டிகிரிக்கு ஒப்பானது. எதிரே மெல்லிய வாடைக்காற்றும் வீசினால் அது 1 டிகிரியை நெருங்கும்.

உடலின் எல்லாப் பகுதிகளும் இதனால் ஒரே அளவில் வாடுவதில்லை. மிதிக்கும் தொடைகளில் தசைகள் இயங்குவதால் அங்கே வெப்பம் பிறக்கிறது. கைப்பிடியைப் பற்றிய விரல்கள் அசைவதில்லை. காற்றும் முதலில் அவற்றின்மீதே மோதுகிறது. காதும் கால்விரலும் அவ்வாறே. குளிரில் உடல் தன் மையப்பகுதியின் வெப்பத்தைக் காக்கும்பொருட்டு விரல்நுனிகளுக்குச் செல்லும் இரத்த ஓட்டத்தைக் குறைத்துவிடுகிறது. ஆகவேதான் அரைமணிப் பயணத்தின் முடிவில் மார்பு வியர்த்திருக்க, விரல்கள் மரத்துப்போகின்றன.

மரத்த விரல் உடனடியாகப் பிரேக்கை அழுத்த இயலாது; ஆலைக்குச் சென்ற பின்னும் சிறிது நேரத்திற்குத் திருகாணியையோ ஊசியையோ நுட்பமாகக் கையாள இயலாது. எனவே இது தொழிலாளியின் வசதி பற்றிய செய்தி மட்டுமன்று. சாலைப் பாதுகாப்பையும் உற்பத்தித் திறனையும் சார்ந்த செய்தியாகும்.

உடையில் மூன்று அடுக்கு

தடித்த ஆடை ஒன்றைவிட மெல்லிய ஆடைகள் பல மேலானவை. அடுக்குகளுக்கிடையே தங்கும் காற்றே வெப்பத்தைக் காக்கிறது. உடலை ஒட்டிய அடுக்கு வியர்வையை வெளியேற்ற வேண்டும். நடு அடுக்கு வெப்பத்தைத் தேக்க வேண்டும். வெளி அடுக்கு காற்றைத் தடுக்க வேண்டும். இம்மூன்றில் தொழிலாளியிடம் பெரும்பாலும் இருப்பது நடு அடுக்கான ஸ்வெட்டர் மட்டுமே. அதன் பின்னல் கண்களின் வழியே எதிர்காற்று எளிதில் புகுந்துவிடுகிறது. செய்தித்தாளை மடித்து ஸ்வெட்டருக்குள் மார்பில் வைத்துக்கொள்ளும் பழக்கம் வடநாட்டில் நெடுங்காலமாக உண்டு. காற்றைத் தடுக்கும் அடுக்கு எவ்வளவு இன்றியமையாதது என்பதை அனுபவம் கற்பித்த வழி அது. நெருங்கிய நெசவுடைய மெல்லிய மேலங்கி ஒன்று இப்பணியை இன்னும் செம்மையாகச் செய்யும்.

உள்ளாடையிலும் கவனம் தேவை. பருத்தி வியர்வையை உறிஞ்சித் தன்னிடமே தேக்கிக்கொள்கிறது. ஆலை வாயிலில் மிதிப்பதை நிறுத்தியதும் அந்த ஈரம் உடலின் வெப்பத்தைப் பறிக்கத் தொடங்குகிறது. கம்பளி ஈரமானாலும் ஓரளவு வெப்பத்தைக் காக்கும். இன்று 'கம்பளி' என்ற பெயரில் மலிவாக விற்பவற்றுள் பல அக்ரிலிக் இழையால் ஆனவை. இவ்விழை ஈரத்தை அதிகம் ஏற்பதில்லை, விரைவில் உலரும். ஆகவே விலை குறைந்த அக்ரிலிக் உள்ளாடையையும் பயனற்றதென ஒதுக்க வேண்டியதில்லை. புறப்படும்போது சற்றுக் குளிர்வது போன்று உடுத்துவதே சரியான அளவு. சில நிமிடங்கள் மிதித்தபின் உடல் தானே சூடேறும். உலர்ந்த பனியன் ஒன்றை டிபன் டப்பாவுடன் எடுத்துச் சென்று பணியிடத்தில் மாற்றிக்கொள்வது, விலையுயர்ந்த கோட்டைவிட அதிகப் பயன் தரும்.

போர்வையைத் தோளில் சுற்றிக்கொண்டு மிதிப்பது வழக்கமாயினும் ஆபத்தானது. அதன் நுனி சக்கரக் கம்பிகளிலோ சங்கிலியிலோ சிக்கக்கூடும். மஃப்ளரின் இரு நுனிகளையும் மேலங்கிக்குள் செருகிவிட வேண்டும். காதை மூடும் குல்லாய் தேவையே. எனினும் பின்னால் வரும் வண்டியின் ஒலி கேளாத அளவுக்கு அது தடித்திருத்தலாகாது.

கைகளுக்குப் பின்னல் கையுறை மட்டும் போதாது. அதன்மேல் காற்றுப் புகாத உறை ஒன்று வேண்டும். வடநாட்டு இருசக்கர வண்டிகளில் கைப்பிடியோடு சேர்த்துப் பூட்டப்படும் ரெக்சின் உறையை மிதிவண்டிக்கும் தைத்துக்கொள்ளலாம். கை எளிதில் வெளிவரக்கூடியதாகவும், பிரேக் பிடியைத் தடுக்காததாகவும் அவ்வுறை இருக்க வேண்டும். செருப்பு அணிந்து மிதிப்பவருக்குக் காலுறையும் மூடிய காலணியும் முதல் தேவை. காலுறைக்குமேல் சுற்றிய பிளாஸ்டிக் பைகூடக் காற்றைத் தடுக்கும்.

முகத்தில் கட்டும் துணி பற்றி ஒரு சொல். அது குளிர்காற்றின் கடுமையைத் தணிக்கும். ஆனால் குளிர்காலத்தில் நகரங்களின்மீது தேங்கும் நுண்துகள் மாசினை அது வடிகட்டுவதில்லை.

பிறர் கண்ணுக்குப் புலப்படுதல்

மூடுபனியில் குளிரைவிடக் கொடியது பிறர் கண்ணுக்குப் புலப்படாமை. மணிக்கு 60 கிலோமீட்டர் வேகத்தில் வரும் லாரி 50 மீட்டர் தூரத்தை 3 நொடியில் கடந்துவிடும். முன்னே செல்லும் மிதிவண்டியை ஓட்டுநர் கண்டுணர்ந்து பிரேக்கை அழுத்துவதற்குள் அந்த இடைவெளி பெரும்பாலும் தீர்ந்துவிடும். 2022ஆம் ஆண்டில் நாட்டில் சாலை விபத்துகளில் மாண்ட 1,68,491 பேரில் மிதிவண்டியில் சென்றோர் ஏறத்தாழ 4,800 பேர். பேருந்தையும் காரையும் போல் இவர்களைச் சுற்றி இரும்புக் கூடு ஏதுமில்லை.

குளிர்கால ஆடை இந்த ஆபத்தை மேலும் பெருக்குகிறது. அழுக்குத் தெரியாது என்பதற்காக வாங்கப்படும் பழுப்பு, சாம்பல் நிறப் போர்வைகள் பனியோடு பனியாகக் கலந்துவிடுகின்றன. பின் மட்கார்டின் நுனியில் வெள்ளை வண்ணம் பூசும் பழைய வழக்கம் நல்லதே. ஆனால் சேறு படிந்தபின் அது பயனற்றுப்போகிறது. மிதிவண்டியில் பொருத்தும் எதிரொளிப்பான்களுக்குத் தரக் கட்டுப்பாடு விதித்து மத்திய அரசு 2020இல் ஆணை பிறப்பித்தது. புதிய வண்டிகளுக்கு இது நன்மை தரும். எனினும் தொழிலாளர்களில் பலர் ஓட்டுவது பல்லாண்டு உழைத்த, கைமாறி வந்த வண்டிகளையே. அவற்றின் பின்புறத்திலும் பெடல்களிலும் முதுகுச் சட்டையிலும் ஒட்டும் எதிரொளிப்புப் பட்டைக்கு ஆகும் செலவு மிகச் சொற்பம். மேலும் கீழும் அசையும் பெடலில் மின்னும் பட்டை, எதிரே செல்வது மிதிவண்டி என்பதைத் தொலைவிலேயே ஓட்டுநருக்கு உணர்த்திவிடும்.

பழைய டைனமோ விளக்கில் ஒரு குறை உண்டு: வண்டி நின்றால் விளக்கும் அணைந்துவிடும். நாற்சந்தியில் காத்து நிற்கும் நேரமே ஆபத்தான நேரம். ஆகவே மின்கலத்தில் எரியும் சிறு சிவப்பு விளக்கு ஒன்று பின்புறம் இருத்தல் அவசியம்.

வண்டியின் பராமரிப்பு

நம் நாட்டுச் சாதாரண மிதிவண்டியின் ரிம் குரோம் பூசிய எஃகால் ஆனது. பனித்துளி படிந்து ரிம் நனைந்தால் பிரேக் கட்டை வழுக்குகிறது. வண்டி நிற்க வழக்கத்தினும் அதிக தூரம் பிடிக்கிறது. தேய்ந்த கட்டைகளைக் குளிர்காலம் தொடங்குமுன்னரே மாற்றிவிட வேண்டும். ஈரமான காலையில் அவ்வப்போது பிரேக்கை மெல்ல அழுத்தி ரிம்மை உலர்த்திக்கொள்வதும் நல்லது. குளிரில் டயரினுள் உள்ள காற்றின் அழுத்தம் குறையும். காற்றுக் குறைந்த டயர் உழைப்பைக் கூட்டும். சங்கிலியைத் துடைத்து எண்ணெயிட்டால் துருவும் அணுகாது, மிதிப்பதும் இலேசாகும்.

லூதியானா காட்டும் முரண்பாடு

இவ்வளவு தேவைகளும் சேரும் இடம் ஒன்று உண்டு. பஞ்சாபின் லூதியானா நகரம் நாட்டின் மிதிவண்டி உற்பத்தியில் பெரும்பங்கு வகிக்கிறது. கம்பளிப் பின்னலாடைத் தொழிலிலும் முன்னணியில் நிற்கிறது. பருத்திப் பனியனுக்குத் திருப்பூர் எவ்வாறோ, ஸ்வெட்டருக்கு லூதியானா அவ்வாறு. திபெத்திய அகதிகள் குளிர்காலந்தோறும் நாட்டின் பல நகரங்களில் கடை விரித்து விற்கும் ஸ்வெட்டர்களில் பெரும்பாலானவை இந்நகரில் வாங்கப்பட்டவையே. அரியானாவின் பானிப்பட்டிலோ பழைய கம்பளி ஆடைகளைப் பிரித்து மீண்டும் நூலாக்கி மலிவான போர்வைகள் நெய்கின்றனர்.

ஆயினும் லூதியானாவின் ஆலைகளுக்கு உத்தரப் பிரதேசத்திலிருந்தும் பீகாரிலிருந்தும் வந்து உழைக்கும் தொழிலாளர்களில் பலர், தாம் பூட்டிய வண்டியைப் போன்றதொரு பழைய வண்டியில், தாம் பின்னியதைப் போன்றதொரு ஸ்வெட்டர் போதிய அளவில் இன்றியே வேலைக்கு வருகின்றனர். ஊருக்குப் பணம் அனுப்பியபின் மிஞ்சும் தொகையில் உணவும் வாடகையுமே முன்னுரிமை பெறுகின்றன. கையுறை கடைசி இடத்திற்குத் தள்ளப்படுகிறது. அதன் விலை பெரிதன்று. ஆனால் அதற்கெனத் தனியே ஒதுக்கப்பட்ட பணம் இல்லை. குளிரில் நோயுற்று இழக்கும் சில நாட்களின் கூலி, இப்பொருள்கள் அனைத்தின் விலையையும் விஞ்சிவிடக்கூடும் என்பதே இதிலுள்ள பொருளாதார உண்மை.

செய்யத்தக்கவை

மிதிவண்டி வாங்குவதற்கான உதவிகள் நாட்டில் இல்லாமலில்லை. 1996ஆம் ஆண்டுச் சட்டத்தின் வழியே தோன்றிய கட்டுமானத் தொழிலாளர் நல வாரியங்கள் சில மாநிலங்களில் மிதிவண்டிக்கு நிதி உதவி அளித்துள்ளன. மிதிவண்டி மீதான சரக்கு சேவை வரி 2025 செப்டம்பரில் 12 சதவீதத்திலிருந்து 5 சதவீதமாகக் குறைக்கப்பட்டது. இவை யாவும் வண்டிக்கு உதவுவன. வண்டியை மிதிப்பவரின் கைக்கும் காலுக்கும் உதவுவன அல்ல. வண்டிக்கு உதவித்தொகை வழங்கும்போதே பின்விளக்கு, எதிரொளிப்புப் பட்டை, காற்றுத் தடுக்கும் மேலங்கி, கையுறை ஆகியவற்றையும் ஒரு தொகுப்பாகச் சேர்த்து அளிப்பது வாரியங்களுக்குப் பெருஞ்சுமையாகாது.

நேரமும் ஓர் உதவியே. கடுங்குளிர் நாட்களில் பள்ளிகளின் காலை நேரத்தைத் தள்ளிவைத்து மாவட்ட நிர்வாகங்கள் ஆணையிடுகின்றன. பள்ளிக் குழந்தைக்குக் காட்டப்படும் இப்பரிவு, அதே சாலையில் அக்குழந்தைக்கு முன்பே செல்லும் தந்தைக்குக் கிடைப்பதில்லை. மிக அடர்ந்த மூடுபனி முன்னறிவிக்கப்படும் நாட்களில் காலை ஷிப்டை ஒரு மணி நேரம் தள்ளித் தொடங்குவது பல தொழிற்சாலைகளுக்கு இயலக்கூடியதே. வண்டி நிறுத்துமிடத்திற்குக் கூரை, ஈர உடை மாற்ற ஓர் அறை, வந்தவுடன் ஒரு குவளைத் தேநீர் ஆகியவை நிருவாகங்கள் பெருஞ்செலவின்றிச் செய்யக்கூடியவை. ஆனால் குளிர்காய மூடிய அறைக்குள் கரி அடுப்பு வைப்பதை மட்டும் அனுமதித்தலாகாது; அதிலிருந்து எழும் நச்சுவாயு உயிரைப் பறிக்கவல்லது.

போக்குவரத்துத் திட்டங்களில் சாலைக்கும் இரயிலுக்கும் மதிப்பீடுகள் உள்ளன. எரிபொருளைச் சேமித்து, மாசின்றி, அரசுக்கு அதிகச் செலவின்றி நாள்தோறும் கோடிக்கணக்கானோரைப் பணியிடம் சேர்க்கும் மிதிவண்டிக்கு அவ்வாறான மதிப்பீடு அரிதாகவே செய்யப்படுகிறது. அப்படி ஒன்று செய்யப்படுமானால், அதன் செலவுப் பட்டியலில் டயரும் டியூபும் இடம்பெறுவதுபோல் ஒரு ஜோடிக் கையுறையும் இடம்பெற வேண்டும்.