புத்தகத்தில் மை பூசிய மாணவர்கள்!

குட்டீஸ்... பாடப் புத்தகத்தில் பேனாவால் கிறுக்கினால் உங்கள் டீச்சர் சும்மா விடுவாரா? ஆனால், "புத்தகத்தை எடுங்கள், நான் சொல்லும் வரிகளை மை பூசி அழியுங்கள்' என்று ஆசிரியர்களே சொன்ன நாடு ஒன்று உண்டு. அது ஜப்பான், ஆண்டு 1945.

எல்லாப் பிள்ளைகளும் பள்ளிக்குப் போக வேண்டும் என்று ஜப்பானில் 1872லேயே திட்டம் போட்டு, ஊர் ஊராகப் பள்ளிகளைத் திறந்தனர். நல்ல விஷயம்தான். ஆனால், 1890ல் கல்வி பற்றிப் பேரரசரின் ஆணை ஒன்று வந்தது. விழா நாட்களில் தலைமை ஆசிரியர் அதை வாசிக்க, மாணவர்கள் தலைகுனிந்து நிற்பர். நாட்டுக்கு ஆபத்து வந்தால் பேரரசருக்காகத் துணிந்து நிற்க வேண்டும் என்றது அந்த ஆணை. போகப் போக, சின்னப் பிள்ளைகளின் வாசிப்புப் பாடத்தில்கூட ராணுவ வீரர்களும், போர்க்கப்பல்களும் வந்துவிட்டன.

இரண்டாம் உலகப் போரில் ஜப்பான் தோற்றது. 1945 ஆகஸ்ட் 15ல் பேரரசரே வானொலியில் பேசி, போர் முடிந்தது என்று அறிவித்தார். செப்டம்பரில், போரைப் புகழும் பாடங்களை நீக்கும்படி பள்ளிகளுக்குக் கல்வி அமைச்சகம் உத்தரவிட்டது.

புதுப் புத்தகம் அச்சடிக்கக் காகிதம் ஏது? பல நகரங்கள் குண்டு விழுந்து எரிந்து கிடந்தன. அதனால், மாணவர்கள் மைக்கட்டியைக் கல்லில் உரைத்து, தூரிகையைத் தோய்த்தனர். ஆசிரியர் பக்கத்தையும், வரியையும் சொல்லச் சொல்ல, ஒவ்வொன்றாகக் கறுப்பாக்கினர். சில இடங்களில் முழுப் பக்கத்தையே கிழித்தனர். சில இடங்களில் மேலே தாள் ஒட்டினர்.

புத்தகத்தைப் பயபக்தியோடு தொட வேண்டும் என்று பழக்கப்பட்ட பிள்ளைகள் அவர்கள்! "இதை மனப்பாடம் செய்' என்று சொன்ன அதே ஆசிரியர், இப்போது "இதை அழி' என்கிறார். எதைத்தான் நம்புவது? அன்று மை பூசிய பலர், வயதான பிறகும் அந்த நாளை மறக்காமல் எழுதியிருக்கின்றனர். ஆசிரியர்கள் பாடும் திண்டாட்டம்தான்; எந்த முகத்தோடு சொல்லியிருப்பார்களோ!

அந்த ஆண்டு டிசம்பர் 31ல், நீதிபோதனை, ஜப்பான் வரலாறு, புவியியல் ஆகிய மூன்று பாடங்களையும் அமெரிக்கத் தலைமையிலான ஆட்சி நிறுத்தி வைத்தது. 1947ல் புதிய கல்விச் சட்டம் வந்தது. ஆறாண்டாக இருந்த கட்டாயப் படிப்பு, ஒன்பது ஆண்டானது. ஆண், பெண் சேர்ந்து படிக்கவும் வழி பிறந்தது.

சட்டம் வந்துவிட்டது, கட்டடம்? பல இடங்களில் வெட்டவெளியில்தான் வகுப்பு. அதற்கு ஜப்பானியர் வைத்த பெயர், "நீலவான வகுப்பறை!'

மை பூசிய அந்தப் புத்தகங்களில் சில, ஜப்பானிய அருங்காட்சியகங்களில் இன்றும் இருக்கின்றன. ஒரு பக்கத்தில் இரண்டே வரி கறுப்பு; இன்னொரு பக்கத்திலோ, படிக்க ஒரு வரிகூட மிச்சம் இல்லை!