கத்தரிப்பூ நிறத்தில் ஒரு பை

பல மாதங்களாகப் படுக்கையில் இருக்கும் பாட்டி. ஒருநாள் காலையில் பார்த்தால், கட்டிலோரம் தொங்கும் யூரின் பேக் கத்தரிப்பூ நிறத்துக்கு மாறியிருக்கிறது. பீட்ரூட் கொடுத்தீர்களா, புது மாத்திரையா என்று வீடே பதறும். இரண்டும் இல்லை. பைக்குள் சாயம் காய்ச்சியிருக்கிறார்கள், பாக்டீரியாக்கள்.

உணவிலுள்ள டிரிப்டோபானைக் குடல் பாக்டீரியா இண்டோலாக மாற்றும். கல்லீரல் அதைப் பக்குவப்படுத்திச் சிறுநீர் வழியே அனுப்பும். அந்தப் பைக்குச் சிறுநீரைக் கொண்டுவரும் டியூபில் குடியேறிய வேறு பாக்டீரியா அதை உடைக்கும்போது நீலமும் சிவப்பும் பிறந்து பிளாஸ்டிக்கில் ஊறிவிடும். அந்த நீலம் வேறொன்றுமில்லை, அவுரிச் செடியிலிருந்து எடுத்துத் துணிக்கு ஏற்றும் அதே சாயம்தான்! நிறத்தால் கெடுதல் இல்லை. ஆனால் உள்ளே ஆள் வந்துவிட்டது என்பதற்கு அது சாட்சி.

எப்படி வந்தது? சாதாரணமாக ஒவ்வொரு முறை சிறுநீர் கழிக்கும்போதும் கிருமிகள் அடித்துச் செல்லப்படும். டியூப் போட்டால் கிருமிகளுக்குக் கதவு திறந்தே கிடக்கும். தண்ணீர்த் தொட்டிச் சுவரில் கை வைத்தால் வழுக்குமே, அதுபோன்ற படலத்தை டியூபின் மேல் கட்டிக்கொண்டு கிருமிகள் மேலேறும். படலத்துக்குள் இருப்பவற்றை ஆன்டிபயாடிக் எளிதில் கொல்லாது. 'எதற்கும் இருக்கட்டும்' என்று கொடுத்தால் மருந்துக்கு மசியாத கிருமிகளே மிஞ்சும். டியூப் இருக்கும் ஒவ்வொரு நாளும் சிறுநீரில் கிருமி சேரும் வாய்ப்பு 3 முதல் 7 சதவீதம். ஒரு மாதமானால் அநேகமாக எல்லோருக்கும் சேர்ந்துவிடும். அதில் பலருக்குக் காய்ச்சலோ வலியோ வராது என்பது ஆறுதல்.

ஒரு காலத்தில் டியூபின் முனையைத் திறந்த பாட்டிலில் விட்டுவைத்தார்கள். நான்கே நாளில் கிருமி. டியூபையும் பையையும் மூடிய ஒரே வழியாக்கியதுதான் பெரிய முன்னேற்றம், வெறும் குழாய் வேலை! இணைப்பைக் கழற்றினால் நர்ஸ் கத்துவது இதனால்தான். ஸ்கேனுக்குத் தள்ளிக்கொண்டு போகும்போது பையைத் தூக்கி நோயாளியின் வயிற்றின் மேல் வைக்கிறார்கள் பாருங்கள், எனக்கு அடிவயிறு கலங்கும். பழைய சிறுநீர் திரும்பி உள்ளே ஓடலாம். பை எப்போதும் சிறுநீர்ப்பைக்குக் கீழே தொங்க வேண்டும், தரையைத் தொடாமல். காலி செய்யும்போது பையின் குழாய் முனை பாத்திரத்தில் படக்கூடாது. தொடும் முன்னும் பின்னும் கை கழுவ வேண்டும்.

இத்தனையையும்விடப் பலன் தருவது டியூபை எடுத்துவிடுவது. ஆபரேஷனுக்குப் போட்டது, தேவை தீர்ந்த பிறகும் யாருக்கும் நினைவில்லாமல் அப்படியே கிடக்கும். அதனால் சில மருத்துவமனைகளில் தினமும் காலையில் நர்ஸே சரிபார்க்கிறார். வகுத்துவைத்த காரணங்களில் ஒன்றும் இல்லையென்றால், டாக்டருக்காகக் காத்திராமல் அவரே டியூபை எடுத்துவிடுகிறார்.