மீனுக்கு மெருகு: பத்து நிமிடச் சமையலின் அறிவியல்

இருங்காட்டுக்கோட்டை ஹூண்டாய் ஆலையிலிருந்து 1998இல் முதல் சான்ட்ரோ கார் வெளியே வந்தது. 2010இல் ஒரகடத்தில் ரெனோ–நிசான் ஆலை திறக்கப்பட்டது. கார் கம்பெனிகளோடு கொரியர்களும் ஜப்பானியர்களும் வந்தார்கள். அவர்களுடைய அடுப்பங்கரையும் கூடவே வந்தது. ஸ்ரீபெரும்புதூர் நெடுஞ்சாலையில் கொரிய எழுத்தில் பலகை மாட்டிய உணவகங்களை இப்போது யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை. சோயா சாஸும் ஃபிரைடு ரைஸ் வண்டிகளைத் தாண்டி மளிகைக் கடை அலமாரிக்கு வந்துவிட்டது.

அந்த உணவகங்களின் மெனுவில் தவறாமல் இருக்கும் ஒரு வகை, சோயா சாஸும் சர்க்கரையும் சுண்டி மேலே பளபளவென்று பூசிக்கொண்ட மீன். ஜப்பானியர் இதைத் தெரியாக்கி என்கிறார்கள். கொரியர் சாஸிலேயே மீனை வேகவைத்துச் சுண்டவைப்பது ஜோரிம். பார்ப்பதற்குப் பெரிய சமையல்காரர் வேலை போலத் தெரியும். உண்மையில், இரண்டாம் ஷிஃப்ட் முடிந்து இரவு பத்து மணிக்கு மேல் கம்பெனி பஸ்ஸில் வந்து இறங்குகிறவர், ரூமில் இருக்கும் ஒற்றை இன்டக்ஷன் அடுப்பிலேயே பத்து நிமிடத்தில் செய்துவிடலாம். இவ்வளவு சீக்கிரம் எப்படி முடிகிறது என்பதில்தான் அறிவியல் இருக்கிறது.

மீனுக்கு ஏன் இந்த அவசரம்?

ஆடு நான்கு காலில் நின்று தன் எடையைச் சுமக்கிறது. அதன் தசை நார்களைக் கட்டிப்பிடிக்க கொலாஜன் என்ற வலுவான புரதம் நிறைய வேண்டும். மீனின் எடையைத் தண்ணீரே தாங்கிக்கொள்கிறது. அதனால் மீன் தசையின் எடையில் இணைப்புத் திசு சுமார் 3 சதவீதம்தான். ஆட்டிறைச்சியில் அது பல மடங்கு. மீனின் நார்களும் நீளமாக ஓடுவதில்லை. குட்டை நார்கள் அடுக்கடுக்காக நிற்க, அடுக்குகளுக்கு நடுவே மெல்லிய கொலாஜன் சவ்வு. வெந்த மீன் இதழ் இதழாகப் பிரிவது இதனால்தான்.

அந்தச் சவ்வு சுமார் 50 முதல் 55 டிகிரி செல்சியஸிலேயே இளகி ஜெலட்டினாகிவிடும். 60 டிகிரியைத் தாண்டினால் தசைப் புரதங்கள் இறுகி, உள்ளே பிடித்து வைத்திருக்கும் நீரைப் பிழிந்து வெளியேற்றும், மீன் சக்கையாகிவிடும். அமெரிக்க வேளாண் துறை மீனின் நடுப்பகுதிக்குச் சொல்லும் பாதுகாப்பான அளவு 63 டிகிரி. ஆக, வேகாத மீனுக்கும் வறண்ட மீனுக்கும் நடுவே பத்து டிகிரிகூட முழுசாக இல்லை. ஒரு சின்ன ஆறுதல்: குளிர்க்கடல் மீனைவிட நம் வெப்பக்கடல் மீன்களின் கொலாஜன் சற்றுக் கூடுதல் சூட்டைத் தாங்கும்.

அடுத்தது துண்டின் கனம். சூடு மேற்பரப்பிலிருந்து நடுவுக்கு ஊர்ந்து போக எடுக்கும் நேரம், கனத்தின் வர்க்கத்தைப் பொறுத்தது. கனம் இரட்டித்தால் நேரம் ஏறக்குறைய நான்கு மடங்கு. “குழம்புக்கா, வறுவலுக்கா?” என்று மீன்கார அக்கா அரிவாள்மனையைத் தொடும் முன் கேட்பது வெறும் பழக்கமல்ல; சமைக்கும் நேரத்தை அங்கேயே வெட்டித் தருகிறார். மெருகு மீனுக்கு வறுவல் துண்டைவிடக் கனமாக, இரண்டு சென்டிமீட்டர் அளவுக்குக் கேட்டு வாங்க வேண்டும்.

நிறத்தை வெளியிலிருந்து கொண்டுவருவது

பொன்னிறமும் வறுத்த வாசனையும் பெரும்பாலும் மயார் வினையின் கொடை. அமினோ அமிலமும் சர்க்கரையும் சூட்டில் சேர்ந்து நூற்றுக்கணக்கான புதிய மணப் பொருள்களை உண்டாக்கும் வினை இது. பிரெஞ்சு வேதியியலாளர் லூயி கமில் மயார் 1912இல் இதை விவரித்தார். இந்த வினை வேகம் பிடிக்கச் சுமார் 140 டிகிரி சூடு வேண்டும். ஆனால் மீனின் மேற்பரப்பில் ஈரம் இருக்கும்வரை சூடு 100 டிகிரியைச் சுற்றியே நிற்கும். அடுப்பு தரும் வெப்பம் முழுவதும் நீரை ஆவியாக்கவே செலவாகும். மீனில் சர்க்கரையும் அதிகமில்லை. ஆகவே மீன் தானாகச் சிவக்கும்வரை கல்லில் போட்டு வைத்தால், மேலே நிறம் வருவதற்குள் உள்ளே 70 டிகிரியைத் தாண்டியிருக்கும்.

இந்தச் சிக்கலுக்கு நம் மீன் வறுவல் கண்ட வழி மசாலாப் பூச்சு. மிளகாய்த்தூளும் அரிசி மாவும் சேர்ந்த கவசம் எண்ணெயில் காய்ந்து மொறுமொறுப்பாகும். உள்ளே இருக்கும் மெல்லிய துண்டு கொஞ்சம் வறண்டாலும் அந்த மொறுமொறுப்பு ஈடுகட்டிவிடும். கொரிய, ஜப்பானியச் சமையல் வேறு வழியில் போனது. மீனிடம் நிறம் கேட்காமல், நிறத்தையும் மணத்தையும் ஏற்கெனவே சேர்த்து வைத்த ஒரு பொருளை மேலே பூசிவிடுவது. முறையாக நொதிக்கவைத்த சோயா சாஸில், ஒருவகைப் பூஞ்சை மாதக்கணக்கில் சோயாவையும் கோதுமையையும் உடைத்து உண்டாக்கிய அமினோ அமிலங்களும் சர்க்கரைகளும் தயாராக இருக்கின்றன. அவற்றுள் முக்கியமானது குளூட்டமேட். நாக்கில் ஊறும் அந்தத் தனிச்சுவைக்குக் காரணம் இதுதான் என்று டோக்கியோப் பேராசிரியர் கிகுனே இகேதா 1908இல் கண்டறிந்தார். இதோடு வெல்லம் சேர்ந்தால் மயார் வினைக்கு வேண்டிய இரண்டும் கடாயிலேயே இருக்கும். மீன் 63 டிகிரி வாக்கிலேயே பத்திரமாக இருக்கலாம். சிவக்கும் வேலையைப் பாகு பார்த்துக்கொள்ளும்.

வெள்ளைச் சர்க்கரையைவிட வெல்லம் இதற்குப் பொருத்தம். வெள்ளைச் சர்க்கரையான சுக்ரோஸ் நேரடியாக மயார் வினையில் இறங்காது. குளுக்கோஸும் ஃபிரக்டோஸும் இறங்கும். வெல்லத்தில் அவை இரண்டும் ஓரளவு இயல்பாகவே உண்டு. தேனில் அவைதான் பெரும்பகுதி. அதனால்தான் தேன் விட்டுச் செய்தால் கண் இமைப்பதற்குள் கருகுகிறது: ஃபிரக்டோஸ் 110 டிகிரி வாக்கிலேயே கேரமலாகத் தொடங்கும், சுக்ரோஸ் 160 வரை பொறுக்கும்.

பளபளப்பு எப்படி வருகிறது?

ஒரகடத்தில் கார் ஆலையின் பெயின்ட் ஷாப்பில் வேலை செய்கிறவருக்கு இது தெரிந்த கதை. அங்கே நிறம் வேறு, பளபளப்பு வேறு. நிறத்தைத் தருவது பேஸ் கோட். அதன்மேல் அடிக்கும் கிளியர் கோட்தான் மினுமினுப்பு. ஈரமாக இருக்கும்போதே அது பரப்பு இழுவிசையால் மேடு பள்ளம் இல்லாமல் தன்னைச் சமன்படுத்திக்கொள்ளும். பிறகு 140 டிகிரி வாக்கில் அடுப்பில் இறுகும். வழவழப்பான பரப்பில் படும் ஒளி சிதறாமல் ஒரே திசையில் திரும்புவதைத்தான் கண் பளபளப்பு என்கிறது. மீன் மேல் ஊற்றிய பாகும் இப்படித்தான் பரவிப் படிந்து, ஆறும்போது கெட்டியாகிறது.

பாகு விஷயத்தில் நம் சமையலறைக்கு யாரும் பாடம் எடுக்க வேண்டியதில்லை. அதிரசத்துக்கு ஒரு பதம், கடலை மிட்டாய்க்கு ஒரு பதம் என்று கைப்பழக்கமாகவே தெரியும். நீர் குறையக் குறைய பாகின் கொதிநிலை 100 டிகிரியைத் தாண்டி ஏறும். பதம் என்பது, எவ்வளவு நீர் மிச்சம் இருக்கிறது என்று விரல் வைத்துப் பார்க்கும் கணக்கு. மெருகுக்கு வேண்டியது கம்பிப் பதத்துக்கு முந்திய, பிசுக்குப் பதம்.

அதைக் குமிழியிலேயே படிக்கலாம். ஊற்றியவுடன் சின்னச் சின்னக் குமிழிகள் சலசலவென்று எழுந்து உடனே உடையும்: இன்னும் தண்ணீர்தான். ஒரு நிமிடம் போனால் குமிழிகள் பெரிதாகி, ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு, மெதுவாக உப்பி உடையும். அடிக்கும் சத்தமும் தணியும். கரண்டியால் கடாயின் நடுவே கோடு இழுத்தால் அந்தக் கோடு ஒரு நொடி திறந்து நின்று பிறகு மூட வேண்டும். அதுதான் சமயம். ஆறினால் இன்னும் கெட்டியாகும் என்பதால், கொஞ்சம் நீர்க்க இருக்கும்போதே அடுப்பை அணைத்துவிட வேண்டும்.

சில துளி புளிக்கரைசலுக்கும் இங்கே வேலை உண்டு. குலாப் ஜாமூன் பாகு பூத்துப் போகாமல் இருக்க எலுமிச்சைச் சாறு பிழிகிறோமே, அதே காரணம்: அமிலம் சுக்ரோஸில் ஒரு பங்கைக் குளுக்கோஸாகவும் ஃபிரக்டோஸாகவும் பிரித்துவிடும். பல வகைச் சர்க்கரை கலந்திருந்தால் படிகம் கட்டாது. படிகம் கட்டினால் பரப்பு சொரசொரப்பாகி மினுமினுப்பு போய்விடும். ஆனால் புளி அதிகமானால் மயார் வினை மந்தமாகும். அளவோடு நிறுத்த வேண்டும்.

எந்த மீன்?

கொடுவா முதல் தேர்வு. சதை கெட்டி, முள் குறைவு, தோலோடு துண்டு போடலாம். சென்னையில் உள்ள மத்திய உவர்நீர் மீன்வளர்ப்பு ஆய்வு நிறுவனம் 1997இல் இந்த மீனைப் பொரிப்பகத்தில் இனப்பெருக்கம் செய்துகாட்டியது. குளங்களிலும் வளர்க்கப்படுவதால், ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை விசைப்படகுகளுக்கு மீன்பிடித் தடை இருக்கும் 61 நாள்களிலும் கொடுவா கிடைக்க வாய்ப்புண்டு. வஞ்சிரம், பாறை இரண்டும் ஏற்றவை.

ஏரி மீனான கட்லாவிலோ விராலிலோ சிலருக்குச் சேற்று வாடை அடிக்கும். அது ஜியோஸ்மின் என்ற பொருளின் வேலை. நீரில் வாழும் சில நுண்ணுயிரிகள் அதைச் சுரக்கின்றன. கடல் மீனின் கவிச்சிக்குக் காரணமான டிரைமெத்தில் அமீன் வேறு. அமிலம் இரண்டையும் அடக்கும் என்பதால், புளித்தண்ணீரிலோ மோரிலோ மீனை அலசும் பழக்கம் சரியானதே.

கானாங்கெளுத்தியும் சூரையும் மெருகுக்கு அருமையாகப் பொருந்தும், ஒரு எச்சரிக்கையோடு. இவற்றின் சதையில் ஹிஸ்டிடின் அதிகம். வெயிலில் ஐஸ் இல்லாமல் கிடந்தால் பாக்டீரியா அதை ஹிஸ்டமினாக மாற்றிவிடும். பிறகு எவ்வளவு கொதிக்கவைத்தாலும் அது அழியாது. முகம் சிவந்து, தடிப்பும் தலைவலியும் வரும். மாலையில் வாங்கிய மீன் இரவுவரை ரூமில் வெளியே கிடக்கக் கூடாது.

செய்முறை (இருவருக்கு)

இரண்டு சென்டிமீட்டர் கனத்தில் இரண்டு துண்டு மீன். சோயா சாஸ் ஒன்றரை மேசைக்கரண்டி, துருவிய வெல்லம் ஒரு மேசைக்கரண்டி, தண்ணீர் இரண்டு மேசைக்கரண்டி, கெட்டிப் புளிக்கரைசல் அரைத் தேக்கரண்டி, நசுக்கிய பூண்டு நான்கு பல், துருவிய இஞ்சி கொஞ்சம், பொடித்த மிளகு. எல்லாவற்றையும் முதலிலேயே கலக்கி வைத்துவிடுங்கள். உப்பு வேண்டாம்: ஒரு மேசைக்கரண்டி சோயா சாஸில் மட்டும் சுமார் 900 மில்லிகிராம் சோடியம் உண்டு. உலக சுகாதார நிறுவனம் ஒரு நாளுக்குச் சொல்லும் வரம்பு 2,000.

மீனைத் துணியால் ஒற்றி நன்றாக ஈரம் போக்குங்கள். கடாய் நன்கு காய்ந்ததும் நல்லெண்ணெய் விட்டு, தோல் பக்கம் கீழே இருக்க மூன்று நான்கு நிமிடம் அசைக்காமல் விடுங்கள். ஒட்டிக்கொண்டால் இழுக்காதீர்கள், தோல் காய்ந்ததும் தானாக விட்டுவிடும். திருப்பிப் போட்டு ஒரு நிமிடம். எண்ணெய் மிஞ்சியிருந்தால் வடித்துவிட்டுக் கலவையை ஊற்றி, கரண்டியால் அள்ளி அள்ளி மீன் மேல் விட்டபடி ஒன்றரை, இரண்டு நிமிடம். குமிழி பருத்ததும் அணைத்துவிடுங்கள். சூடான சோற்றோடு வெங்காயமும் வெள்ளரியும் போதும்.

பழகிய கண்ணுக்கு இதில் ஒரு சிக்கல் உண்டு. வறுவலில் சிவந்துவிட்டால் வெந்துவிட்டது என்று பொருள். இங்கே சிவப்பு சாஸிலிருந்தும் வெல்லத்திலிருந்தும் வந்தது. போதாக்குறைக்கு, கடையில் கிடைக்கும் டார்க் சோயா சாஸ் பலவற்றில் கேரமல் நிறமியும் கலந்திருக்கும். லேபிளில் 150 என்று தொடங்கும் எண் அதுதான். மேல் நிறம் மீனின் உள்ளே நடந்தது எதையும் சொல்லாது. துண்டின் கனமான இடத்தில் முள்கரண்டியைக் குத்தி லேசாகத் திருப்பிப் பாருங்கள். இதழ்கள் வழுக்கிப் பிரிந்து, நடுவில் கண்ணாடித்தன்மை போய் வெண்மை வந்திருந்தால் இறக்கிவிடலாம். நடு இன்னும் கண்ணாடிபோல் இருந்தால், அடுப்பைச் சிறிதாக்கி, ஒரு கரண்டி தண்ணீர் தெளித்து, மூடி போட்டு ஒரு நிமிடம் வையுங்கள். தண்ணீர் பாகைக் கருகாமல் காக்கும். ஆவி மீனை வேகவைக்கும்.