பத்துச் சுற்று முள்

கார் டாஷ்போர்டில் ஸ்பீடோமீட்டர் முள்ளைத் திருப்பும் மோட்டார் ஒரு தீப்பெட்டிக்குள் அடங்கிவிடும். எக்ஸ்27 அதில் பரவலான ரகம். மூன்றில் ஒரு டிகிரி அளவுக்குப் படிப்படியாக முள்ளை நகர்த்தும். 315 டிகிரி போனதும் உள்ளே இருக்கும் பிளாஸ்டிக் முளையில் முட்டி நின்றுவிடும். காருக்கு அது போதும். இருங்காட்டுக்கோட்டையில் 1998 முதலும் ஒரகடத்தில் 2010 முதலும் கார்கள் உற்பத்தியாகும் தடத்தில், இப்படியொரு மோட்டார் யாருக்கும் அதிசயப் பொருளல்ல.

பழைய விமான காக்பிட்டை வீட்டுப் பட்டறையில் நகலெடுப்பவர்களுக்கோ அந்த முளைதான் வில்லன். உயரமானியின் பெரிய முள் ஆயிரம் அடிக்கு ஒருமுறை முழு வட்டம் அடிக்கும். பத்தாயிரம் அடி ஏறினால் பத்துச் சுற்று. ஆகவே மோட்டாரைத் திறந்து, முளையை பிளேடால் நறுக்கிவிடுகிறார்கள். இப்போது முள் எத்தனை சுற்றும் சுற்றும். ஆனால் பூஜ்ஜியம் எங்கே என்பது அதற்கு மறந்துபோகும். ஒரு குட்டிக் காந்தமும் அதை உணரும் ஹால் சென்சாரும் வைத்து, சுவிட்ச் போடும்போதெல்லாம் பூஜ்ஜியத்தைத் தேட வைக்கிறார்கள்.

அசல் மீட்டருக்கு மின்சாரமே தேவையில்லை. உள்ளே காற்று நீக்கி மூடிய மெல்லிய உலோகச் சிமிழ்கள். கடல்மட்டத்துக்கு அருகே எட்டு மீட்டர் ஏறினால் காற்றழுத்தம் ஏறக்குறைய ஒரு மில்லிபார் குறையும். சுமார் 5,500 மீட்டரில் பாதியாகிவிடும். அழுத்தம் குறையக் குறையச் சிமிழ் உப்பும். கண்ணுக்கே தெரியாத அந்த உப்பலை நெம்புகோலும் பற்சக்கரங்களும் பெரிதாக்கி முள்ளுக்குக் கொடுக்கும். கடிகாரக்காரர் வேலைதான்.

அசலையே வாங்கி மாட்டிக்கொள்ளலாமே? அங்கேதான் ஆபத்து. இருட்டில் ஒளிர்வதற்காக அந்தக் கால முட்களிலும் எண்களிலும் ரேடியம் கலந்த பூச்சு தடவினார்கள். ஒளிர்வது உண்மையில் துத்தநாக சல்பைடு. அது சில பத்தாண்டுகளில் ஓய்ந்துவிடும். ரேடியத்தின் அரை ஆயுளோ 1,600 ஆண்டு. ஆக, ஒளி செத்த மீட்டரிலும் கதிர்வீச்சு உயிரோடிருக்கும். கழற்றினால் உதிரும் தூள் மூச்சில் போகும். நகலில் ஸ்ட்ரான்ஷியம் அலுமினேட் பூசுகிறார்கள். கதிர்வீச்சு இல்லை, பழசாகத் தெரிய மட்டும் கொஞ்சம் பழுப்பு கலக்க வேண்டும்.

பேனல் வேலை நம்மூர் லேத் பட்டறைக்காரர்களுக்குப் பிடிபடும். அமெரிக்க மீட்டர்களின் துளை மூன்றே அரைக்கால் அங்குலம், அதாவது 79.4 மி.மீ. அலுமினியத் தகட்டில் சற்றுச் சின்னதாகவே வெட்டி, அரத்தால் ராவி, பிசிறு எடுத்துப் பொருத்துவது நல்லது. மேலே கருப்புச் சுருக்கப் பெயின்ட். தடிமனாக அடித்துச் சூடேற்றினால் மேல்பரப்பு முதலில் காயும். அடி இன்னும் இளகியிருக்கும். பாலாடை போலச் சுருங்கும். மெல்லிசாக அடித்தால் சுருக்கமே விழாது. சமையலறை ஓவனில் மட்டும் இதைச் செய்யக் கூடாது.

இவையெல்லாம் தரையில் ஓடும் சிமுலேட்டருக்குத்தான். 1947 அக்டோபர் 27 அன்று ஸ்ரீநகரில் படைவீரர்களை இறக்கிய டகோட்டாவின் விபி 905 என்ற எண்ணைத் தாங்கிய விமானம், பிரிட்டனில் புதுப்பிக்கப்பட்டு 2018இல் நம் விமானப்படைக்கு வந்தது. அதுபோல நிஜமாகப் பறப்பதில் வீட்டுப் பட்டறை மீட்டரை மாட்ட முடியாது. ஒவ்வொன்றுக்கும் சான்றிதழ் வேண்டும்.

எந்தச் சான்றிதழும் கேட்காத காலமும் சென்னைப் பக்கத்தில் இருந்தது. 1910இல் மவுண்ட் ரோடு ஹோட்டல்காரர் டி ஏஞ்சலிஸ், தானே வடிவமைத்த விமானத்தை சிம்ப்சன் கோச்சுப் பட்டறையில் செய்யச் சொல்லி, பல்லாவரத்தில் பறக்கவிட்டார்.

நகலில் கடைசியாகச் சரிப்பட மறுப்பது முள்ளின் நடைதான். கம்ப்யூட்டர் சொன்னபடி அது வழுக்கிக்கொண்டு போகும். அசல் முள் உராய்வில் தயங்கி நிற்கும்; இன்ஜின் அதிர்வுதான் அதை உலுக்கி நகர்த்தும். அதிர்வு குறைந்த ஜெட் விமானங்களின் உயரமானிகளுக்குள் அதிர்வூட்டியையே வைக்க வேண்டியிருந்தது. எனவே புரோகிராமில் வேண்டுமென்றே ஒரு தயக்கம் சேர்க்கிறார்கள். பழைய பைலட்கள் கண்ணாடியை விரலால் சுண்டிப் பார்ப்பார்கள், முள் ஒரு துள்ளு துள்ளும். அந்தச் சுண்டுதலை உணரும் ஒரு பீசோ சில்லைக் கண்ணாடிக்குப் பின்னால் ஒட்டினால் நகலிலும் முள் துள்ளும்.