ஐஜிஎம்பி ஸ்நூப்பிங்

ஐஜிஎம்பி ஸ்நூப்பிங் என்பது மல்டிகாஸ்ட் தரவை, அதைக் கேட்ட கணினிகளுக்கு மட்டும் அனுப்ப பிணைய ஸ்விட்ச் கையாளும் முறையாகும். இது இல்லையெனில் தரவு எல்லாப் போர்ட்டுகளுக்கும் பரவும். 4 மெகாபிட் வேகத்தில் 25 காணொளிகள் வந்தாலே 100 மெகாபிட் போர்ட் நிரம்பிவிடும்.

கணினிகள் அனுப்பும் ஐஜிஎம்பி உறுப்பினர் அறிக்கைகளைக் கவனித்து, எந்தப் போர்ட்டுக்கு எந்தக் குழு வேண்டும் என ஸ்விட்ச் அட்டவணையில் குறித்துக்கொள்கிறது.

இந்தப் பதிவுகள் நிலைக்க, ஒவ்வொரு விலேனிலும் ஒரு குவேரியர் தேவை. வழக்கமாக ரவுட்டரே அப்பணியைச் செய்து, 125 விநாடிக்கு ஒருமுறை கணினிகளிடம் வினவும். வினவல் இல்லையெனில் அறிக்கைகள் புதுப்பிக்கப்படா. ஏறத்தாழ 260 விநாடிகளில் பதிவு நீங்கி, நன்றாக ஓடிய காணொளி நின்றுவிடும். எனவே மல்டிகாஸ்ட் ரவுட்டர் இல்லாத விலேனில் ஸ்நூப்பிங்கை இயக்கும்போது, ஸ்விட்சிலுள்ள குவேரியரையும் சேர்த்தே இயக்க வேண்டும்.