வந்தியத்தேவன் கிளப்பிய புழுதி

"பெரியப்பா, பொன்னியின் செல்வன் முடிச்சிட்டேன். சிவகாமியின் சபதமும் ஆச்சு. இப்ப இன்னா படிக்கறது?"

தாமல் நெடுஞ்சாலை நிறுத்தம், விடிகாலை ஐந்தரை மணி. பக்கத்து வீட்டுப் பெண் ஸ்ரீபெரும்புதூர்ப் பக்கம் ஒரு கம்பெனியில் வேலை பார்க்கிறாள். கம்பெனி பஸ்ஸில் போக ஒரு மணி நேரம், வர ஒரு மணி நேரம். மற்றவர்கள் தூங்கிக்கொண்டு போகும் அந்த நேரத்தில் செல்போனில் ஐந்து பாகத்தையும் முடித்திருக்கிறாள். "கடல் புறா இருக்கே" என்று வாய்வரை வந்ததை விழுங்கிக்கொண்டேன். எல்லாரும் சொல்லும் பதில் அது. பஸ் வந்துவிட்டது. "சாயங்காலம் சொல்றேன், போ" என்றேன். அன்று முழுக்க அதே யோசனை.

பொன்னியின் செல்வன் 1950-லிருந்து 1954 வரை கல்கியில் தொடராக வந்தது. 2022-லும் 2023-லும் சினிமாவாகவும் வந்துவிட்டது. கல்கியின் எழுத்து நாட்டுடைமை ஆனதிலிருந்து ஆளாளுக்கு ஒரு பதிப்பு. புத்தகக் கண்காட்சியில் வாசலிலேயே செங்கல் மாதிரி அடுக்கி வைத்திருக்கிறார்கள். குறையொன்றும் சொல்வதற்கில்லை. வீராணம் ஏரிக்கரையில் வந்தியத்தேவன் குதிரையில் வந்தான். அந்தக் குதிரை கிளப்பிய புழுதி எழுபது வருஷமாக அடங்கவில்லை, அவ்வளவுதான். பின்னால் யார் யார் நிற்கிறார்கள் என்று கண்ணுக்குத் தெரிவதில்லை.

எங்கள் ஊரிலும் ஏரி இருக்கிறது. காஞ்சிபுரத்துக்கு மேற்கே 15 கிலோமீட்டர் போல வந்தால் தாமல். மாவட்டத்தின் பெரிய ஏரிகளில் ஒன்று எங்களுடையது. தொண்டை மண்டலத்தை 24 கோட்டமாகப் பிரித்திருந்த காலத்தில் ஒரு கோட்டத்துக்கே தாமல் என்று பேர். வராகீஸ்வரர் கோயிலும் தாமோதரப் பெருமாள் கோயிலும் இருக்கின்றன. கரைக்குப் பக்கத்தில் ராத்திரி பகலாக லாரிகள் பெங்களூருக்கு ஓடுகின்றன. மேற்கே வாதாபியிலிருந்து காஞ்சியை அடிக்க வந்த சாளுக்கியப் படைகள் இந்தப் பக்கமாக வந்திருக்கலாம் என்பது என் ஊகம். ஆனாலும் நான் படித்த வரையில் எந்த நாவலிலும் எந்த வீரனும் எங்கள் ஏரியில் குதிரைக்குத் தண்ணீர் காட்டியதில்லை. அந்த வருத்தம் எனக்கு உண்டு.

தமிழில் ஃபேண்டசி கிடையாது என்று இங்கிலீஷ் நாவல் படிக்கும் பிள்ளைகள் சொல்வார்கள். நெருப்புக் கக்கும் பறக்கும் பாம்பும் மந்திரக்கோலும் இருந்தால்தான் அவர்கள் ஒத்துக்கொள்வார்கள். தமிழில் ஃபேண்டசி ஏராளம். சரித்திர நாவல் என்று பேர் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறது. நாலு வரிக் கல்வெட்டு, அதன்மேல் ஆயிரம் பக்கக் கற்பனை. சுரங்கப்பாதை எந்த ஊரில் வேண்டுமானாலும் திறக்கும், ஒற்றை வாள் இருபது பேரைத் தடுக்கும். இதில் எது நிஜம், எது புளுகு என்று பல்லவர் செப்பேட்டைக் கையில் வைத்துக்கொண்டு படிக்கிறவர் பாவம். கதை நம்மை எவ்வளவு தூரம் கூட்டிக்கொண்டு போகிறது என்று மட்டும் பார்த்தால், யாரும் பேர் சொல்லாத சில புத்தகங்கள் தானாக முன்னால் வந்து நிற்கும்.

முதலில் நிற்பது மணிமேகலை. பள்ளிக்கூடத்தில் ஐம்பெருங்காப்பியம் என்று பட்டியல் போட்டு நம்மை விரட்டிவிட்டார்கள். கதையை மட்டும் எடுத்துப் பாருங்கள். தூங்கும் பெண்ணைத் தெய்வம் தூக்கிக்கொண்டு போய் நடுக்கடல் தீவில் வைக்கிறது. அங்கே அவளுக்கு முன்பிறவி தெரிகிறது. வேற்று உருவம் எடுக்க, வானத்தில் பறக்க, பசியில்லாமல் இருக்க என்று மூன்று மந்திரம் கிடைக்கிறது. கையில் வற்றாத பாத்திரம். எவ்வளவு தின்றாலும் அடங்காத யானைத்தீ நோயோடு ஒருத்தி எதிரே வருகிறாள். இவ்வளவும் நடந்து கதை கடைசியில் வந்து சேரும் ஊர் காஞ்சி. மழையில்லாமல் பஞ்சத்தில் கிடக்கிற காஞ்சி. அமுதசுரபி அங்கேதான் நிஜமாக வேலை செய்கிறது. இதற்கு மேல் ஒரு ஃபேண்டசிக்கு என்ன வேண்டும்? உரைநடைச் சுருக்கங்கள் எத்தனையோ உண்டு. தர்க்கம் பேசும் இடங்களைத் தாண்டிப் போனால் சாத்தனார் ஒன்றும் கோபித்துக்கொள்ள மாட்டார்.

அடுத்தவரைப் பற்றிச் சொல்லத்தான் எனக்கு ஆசை. தண்டி. பல்லவர் காலத்துக் காஞ்சிக்காரர், எழுதியது சமஸ்கிருதத்தில். நம் தண்டியலங்காரத்துக்கு மூலநூல் தந்தவர் என்று இலக்கணக்காரர்கள் அவரைத் தங்கள் பக்கம் இழுத்துக்கொண்டார்கள். அவர் சொன்ன கதைகள் வெளியே நிற்கின்றன. அவந்திசுந்தரி கதையில் தன் கதையையும் கொஞ்சம் சொல்கிறார். படையெடுப்பும் பஞ்சமும் காஞ்சியைச் சூழ்கின்றன, பெற்றவர்களை இழந்த பையன் ஊர் ஊராக அலைந்து, அமைதி வந்தபின் திரும்பி வருகிறான். நாவல்களில் கூர்வாளும் யானையுமாக நாம் படிக்கும் அதே சண்டைக் காலம், அதில் அகப்பட்ட ஒருவர் கையெழுத்தில்.

அவருடைய தசகுமார சரிதத்தில் பத்து இளைஞர்கள் பிரிந்து போய், திரும்பி வந்து அவரவர் அனுபவத்தைச் சொல்கிறார்கள். திருட்டு, சூதாட்டம், மாந்திரீகம், ஆள்மாறாட்டம், எல்லாம் உண்டு. ஒருவன் காதலி கடித்த உதட்டோடு வருகிறான். வலியில் உதடு ஒட்டாது. ஆகவே அவன் சொல்லும் அத்தியாயம் முழுக்க ப, ம போல உதடு சேரும் எழுத்தே இல்லாமல் எழுதியிருக்கிறார் தண்டி. நம் புலவர்கள் இப்படி உதடு ஒட்டாத நிரோட்டம் பாடியது புலமையைக் காட்ட. இவர் அதற்குக் கதையிலேயே ஒரு காரணம் வைத்தார்.

அதில் கோமினி என்ற பெண்ணின் கதை வருகிறது. காஞ்சியில் சக்திகுமாரன் என்று ஒரு பணக்கார வணிகன். கல்யாணத்துக்குப் பெண் தேடி, சோதிடக்காரன் வேஷத்தில், துணி முடிச்சில் ஒரு படி நெல்லோடு ஊர் ஊராகப் போகிறான். இந்த நெல்லை வைத்து எனக்கு முழுச் சாப்பாடு போட முடியுமா என்று போகிற வீட்டிலெல்லாம் கேட்கிறான். சிரித்து அனுப்பிவிடுகிறார்கள். காவிரிக்கரையில் நொடித்துப்போன வீட்டுப் பெண் கோமினி அந்த நெல்லை வாங்கிக்கொள்கிறாள். வெயிலில் காயவைக்கிறாள். உமி நொறுங்காமல் மெல்லத் தேய்த்துப் பிரிக்கிறாள். நகைக்கு மெருகு போடத் தட்டார்களுக்கு உமி வேண்டும், விற்று வா என்று செவிலியை அனுப்புகிறாள். அந்தக் காசில் விறகு, ஒரு சட்டி, இரண்டு கிண்ணம். அரிசியைக் குத்தி உலையில் போடுகிறாள். வெந்ததும் எரியும் விறகைத் தண்ணீர் தெளித்து அணைத்து, கரியை விற்கச் சொல்கிறாள். கரி விற்ற காசில் காய்கறி, நெய், தயிர், எண்ணெய், நெல்லிக்காய், புளி. வந்தவனுக்கு எண்ணெய்க் குளியல், அப்புறம் இலைபோட்டுச் சாப்பாடு.

இதை எதிர்வீட்டுத் தறிக்கார அக்காவிடம் சொன்னேன். நாடாவை நிறுத்திவிட்டுக் கேட்டாள். "உமியக்கூட உடல பாரேன்" என்றாள். பழைய பட்டுப்புடவை வாங்க வருகிறவர் ஜரிகையைத் தேய்த்து, எரித்தால் எவ்வளவு வெள்ளி தேறும் என்று கணக்குப் போடுவதைப் பார்த்து வளர்ந்த தெரு இது. கோமினியை இங்கே யாருக்கும் விளக்க வேண்டியதில்லை. தசகுமார சரிதத்தைத் தமிழில் தேடிக் கொஞ்சம் அலையவேண்டியிருக்கும். அலையலாம், தகும்.

தமிழில் முதல் சரித்திர நாவல் எது என்று கேட்டால் பலரும் கல்கி பேரைச் சொல்வார்கள். கல்கிக்கு வெகுகாலம் முன்பே, 1895-ல், மோகனாங்கி வந்துவிட்டது. எழுதிய தி.த. சரவணமுத்துப்பிள்ளை திருகோணமலைக்காரர், சென்னையில் வாழ்ந்தவர். மதுரை சொக்கநாத நாயக்கர்தான் நாயகன். இன்றைக்குப் படிக்க நடை கொஞ்சம் இடறும். முதல் நாவல் என்ற ஆவலுக்காக மட்டும் படிக்கலாம். அண்ணாவின் கலிங்கராணியும் இருக்கிறது. காஞ்சிபுரத்திலிருந்து அவர் 1942-ல் ஆரம்பித்த 'திராவிட நாடு' இதழில் வந்த தொடர். குலோத்துங்கன் காலத்துக் கதை. நடுநடுவே பாத்திரங்கள் மேடை ஏறிவிடுவார்கள், அதுவும் பெரிய மேடை. அதைப் பொறுத்துக்கொண்டால் கதை வேகமாகவே ஓடுகிறது. காஞ்சிபுரத்திலேயே உருவான சரித்திர நாவலைக் காஞ்சிபுரத்திலேயே படித்தவரை நான் அதிகம் பார்த்ததில்லை.

என் வீட்டில் ஒரு பைண்டு புத்தகம் இருக்கிறது. தொடர்கதைப் பக்கங்களைக் கிழித்துச் சேர்த்து, காலிகோ ஒட்டி, முதுகில் மசியால் பேர் எழுதியது. காஞ்சிபுரத்தில் பழைய பேப்பர் கடையில் எடைக்கு வாங்கினேன். பக்கத்தைத் திருப்பினால் பின்புறம் தலைவலி மருந்து விளம்பரம், பாதியில் அறுந்த துணுக்கு. கதை, அரு. ராமநாதனின் வீரபாண்டியன் மனைவி. 1950-களில் அவரே நடத்திய 'காதல்' இதழில் வந்தது. இப்போது மூன்று பாகமாகக் கிடைக்கிறது.

மூன்றாம் குலோத்துங்கன் பாண்டியனை வென்று அவன் மனைவியை, சிறைபிடித்த பெண்கள் இருக்கும் தன் வேளத்தில் சேர்த்ததாக மெய்க்கீர்த்தி பெருமையடித்துக்கொள்கிறது. ராமநாதன் அந்தப் பெருமைக்கு எதிர்ப்பக்கத்தில் போய் நின்றுகொண்டார். கல்கியில் அரசர்கள் பெரும்பாலும் நல்லவர்கள். இவரிடம் அதிகாரம் என்றாலே சந்தேகம்தான். ஜனநாதன் என்று ஒரு பாத்திரம். ராஜதந்திரி. எந்தப் பக்கம் என்றே பிடிபடாது, வாயைத் திறந்தால் எதிரே நிற்பவரின் மனசை உரித்துக் காட்டுவான். வாள்சண்டையை விட அவன் பேச்சுக்குத்தான் நான் பயந்தேன். எங்கள் ஊரில் கோர்வைப் புடவை நெய்யும்போது உடல் ஒரு நிறம், கரை வேறு நிறம். கரை நாடாவைத் தள்ள இன்னொருவர் கூட உட்கார வேண்டும். இரண்டும் சேரும் இடத்தில் இழை சரியாகக் கோத்துக்கொள்ளாவிட்டால் புடவை போச்சு. சரித்திரமும் கற்பனையும் சேரும் இடத்தைத் தடவிப் பார்த்தால் இந்த நாவலில் கையில் ஒன்றும் தட்டுப்படாது. அதற்காக எல்லாம் சரி என்று சொல்லமாட்டேன். தொடர்கதைக்கே உரிய இழுப்பு இதிலும் உண்டு. மூன்றாம் பாகத்தில் பொறுமை வேண்டும்.

ஜெகசிற்பியனை மறந்துவிடக் கூடாது. தெள்ளாற்றுப் போரில் ஜெயித்த பல்லவனை வைத்து நந்திவர்மன் காதலி எழுதினார். இன்னும் இங்கே கிட்டத்தில், பல்லவருக்கும் சோழருக்கும் பிறகு தொண்டை மண்டலத்தை ஆண்ட சம்புவராயர்களைத் தமிழ்மகன் படைவீடு நாவலில் எழுதியிருக்கிறார். விஜயநகரத்துக் குமார கம்பணன் வந்து அவர்களை முடித்த கதையை, அவன் மனைவி கங்காதேவி மதுரா விஜயம் என்று காவியமாகவே பாடிவைத்தாள். தோற்ற பக்கத்துக்கு நாவல் கிடைக்க அறுநூறு வருஷத்துக்கு மேல் ஆகியிருக்கிறது. இரண்டையும் அடுத்தடுத்துப் படித்தால் சுவை.

சரித்திரப் போர்வையையும் உதறிவிட்டு மாயத்தையே நேராகக் கையில் எடுத்தவர்களும் உண்டு. ஜெயமோகனின் விஷ்ணுபுரம் 1997-ல் வந்தது. பேர் எல்லாருக்கும் தெரியும், முடித்தவர் எத்தனை பேர் என்று கேட்கக்கூடாது. ஒரு கோயில் நகரம் நம் கண்முன்னே எழுந்து, தன் கனத்தாலேயே அழுகி, வெள்ளத்தில் போகிறது. காஞ்சிபுரத்தில் ராஜகோபுரம் பார்த்து வளர்ந்தவர்களுக்கு முதுகுத்தண்டில் ஜில்லென்று இருக்கும். தமிழவன் அதற்கும் முன்னால், 1985-ல், ஏற்கனவே சொல்லப்பட்ட மனிதர்கள் எழுதினார். கதைக்குள் கதையாகப் பிறந்துகொண்டே போகிற சிறிய புத்தகம். பா. வெங்கடேசனின் தாண்டவராயன் கதை, 2008. மனைவியின் விசித்திரமான கண்நோய்க்கு மருந்து தேடித் திப்பு காலத்து இந்தியாவுக்கு வருகிறான் ஒரு ஆங்கிலேயன். ஒரு வாக்கியம் ஆரம்பித்தால் முற்றுப்புள்ளிக்குக் காத்திருக்க வேண்டும். கம்பெனி பஸ்ஸுக்கு ஆகாது, லீவு நாளுக்கு ஆகும்.

திப்பு என்றதும் ஒன்று ஞாபகம் வருகிறது. காஞ்சிக்கு வடக்கே புள்ளலூர். 1780 செப்டம்பர் 10-ஆம் தேதி கர்னல் பெய்லியின் கும்பினிப் படையை ஹைதரும் திப்புவும் அங்கேதான் சுற்றி வளைத்து நொறுக்கினார்கள். மைசூர் ராக்கெட்டுகள் பறந்தன, வெடிமருந்து வண்டிகள் வெடித்தன. உதவிக்கு வரவேண்டிய மன்றோ காஞ்சிபுரத்திலிருந்து நேரத்துக்கு வந்து சேரவில்லை. அப்புறம் தன் பீரங்கிகளைக் குளத்தில் தள்ளிவிட்டுச் சென்னைக்குத் திரும்பினார். திப்பு இந்தப் போரை ஸ்ரீரங்கப்பட்டணத்து மாளிகைச் சுவரில் முழு நீளத்துக்கு வரையவைத்தார். அதே புள்ளலூரில் ஆயிரத்து நூற்றைம்பது வருஷத்துக்கு முன்னால் மகேந்திரவர்மனும் சண்டை போட்டிருக்கிறான். இரண்டையும் ஒரே வயலில் வைத்து யாராவது எழுதினால் முதல் பிரதி எனக்கு. குதிரைக்குத் தண்ணீர் காட்டவும் ஏரி தயாராக இருக்கிறது.

சாயங்காலம் அந்தப் பெண் வந்தாள். பைண்டு புத்தகத்தைத் துடைத்துக் கொடுத்தேன். கோமினி கதையை வாயால் சொல்லியனுப்பினேன். பத்து நாள் கழித்து மறுபடி வந்து நின்றாள்.

"பெரியப்பா, நடுவுல ஒரு புஸ்தகம் காணோம். தொடரும்னு போட்டிருக்கான், திருப்பினா ஜனநாதன் வேற எங்கயோ கீறான்."

பைண்டு செய்தவர் ஒரு இதழைத் தவறவிட்டிருக்கிறார். அது எனக்கு முப்பது வருஷமாகத் தெரியும். கடையில் முழுப் புத்தகம் கிடைக்கிறது, நான்தான் வாங்கவில்லை. அந்த இடத்தில் என்ன நடந்திருக்கும் என்று நான் நினைத்து வைத்திருந்ததைச் சொன்னேன்.

"சே, அப்படி இருக்காது" என்றாள். ஏரிக்கரைமேல் உட்கார்ந்து அவள் கதையைச் சொல்ல ஆரம்பித்தாள்.